ஒரு மகள், இரண்டு ஒப்புதல்

அத்தியாயம் பதினேழு

மே மாதத்தின் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்து அமைந்தது. ஆஷ்கோம் ஊரின் பெற்றோருக்கு அது இரட்டைத் திருநாள். காலையில் ஆண்டவரை வணங்கலாம். வணங்கி எழுந்த கையோடு, அடுத்த வீட்டுப் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது என்று விசாரிக்கலாம். முன்னதற்கு ஆண்டு முழுவதும் வராதவர்கள் கூடப் பின்னதற்கு அன்று வந்திருந்தார்கள்.

ஹாத்தர்லி தம்பதியின் ஒரே மகள் ஃபீபிக்கு ஆல்டன், மார்பரி என்ற இரண்டு பெரும் பல்கலைக்கழகங்களிலும் இடம் கிடைத்ததைச் சென்ற வாரங்களில் கண்டோம். அவளுக்கு மருத்துவராக ஆசை. நான்கு ஆண்டுகள் ஏதேனும் ஒன்றில் படித்து, மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதமும் ஈட்டிக்கொண்ட பிறகே மருத்துவக் கல்லூரியின் கதவை அவள் தட்ட முடியும். எந்த ஒன்று என்பதை மே முதல் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். ஒன்றுக்கு மட்டுமே ஒப்புதல் தரலாம். இரண்டுக்கும் தந்தவர் இரண்டையும் இழக்க நேரிடும் என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் கையொப்பமிட்டு ஏற்கும் நிபந்தனை.

"முடிவு உன்னுடையது, நாங்கள் குறுக்கே வரமாட்டோம்" என்று தாயும் தந்தையும் உணவு மேசையில் வாக்களித்ததோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. அந்த வாக்கின் தரத்தை இன்று உரைத்துப் பார்த்துவிடலாம்.

தேவாலயத்தில் ஃபீபி மூன்றாம் வரிசையில் பெற்றோருக்கு நடுவே அமர்ந்திருந்தாள். தாழ்மையைப் போற்றும் பழைய துதிப்பாடல் ஒன்று எழுந்தது. அதன் சொற்கள் தேனில் தோய்ந்தவை. பல தலைமுறைகளாக ஏழைகளின் கண்ணீரைத் துடைத்தவை. அவற்றைப் பாடிக்கொண்டே அவள் தந்தை லோவெல், முன்வரிசைக்காரரின் கோட்டில் குத்தியிருந்த பல்கலைக்கழகச் சின்னம் எதுவென்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். தாய் கான்ஸ்டன்ஸ் பாடவே இல்லை. பின்வரிசையில் யாருடைய பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

பாடல் முடிவதற்குள் ஃபீபி தன் முடிவை எட்டியிருந்தாள். உண்மையில் அது சில நாள்களாகவே அவளுக்குள் கனிந்திருந்தது.

சென்ற மாதம் தாயோடு போயிருந்தபோது மார்பரியைச் சுற்றிக்காட்டிய மாணவன், அவ்விடத்து வழக்கப்படி, விருந்தினர்களைப் பார்த்தவாறே பின்னோக்கி நடந்தான். "எங்ககிட்டேர்ந்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு இடம் கிடைச்சுடும்" என்றான். பெற்றோர் கூட்டம் பரவசமாகத் தலையாட்டியது.

"விண்ணப்பிக்கிறவங்க சரி. ஆரம்பத்துல மருத்துவம்னு சொல்லிட்டு வந்து சேர்றவங்க எத்தனை பேர்?" என்று கேட்டாள் ஃபீபி.

பின்னோக்கி நடந்தவனின் கால் ஒரு கணம் தடுமாறியது. பிற்பாடு தனியே வந்து, தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னான். தேறமாட்டார் என்று தோன்றுபவருக்கு இதற்கென மார்பரி அமைத்திருக்கும் ஆசிரியர் குழு பரிந்துரைக் கடிதமே எழுதாது. கடிதம் இல்லாதவர் விண்ணப்பிக்கவும் மாட்டார். நொண்டும் குதிரைகளைப் பந்தயத்துக்கு முன்பே லாயத்தில் பூட்டிவிட்டு, எங்கள் குதிரைகள் தோற்றதே இல்லை என்று முரசறைவதற்கு ஒப்பான பெருமை அது.

ஆல்டனில் மதிப்பெண் கஞ்சத்தனமாகத்தான் விழும். அவள் போயிருந்த அன்று வேதியியல் வகுப்பில் தேர்வுத்தாள்களைத் திருப்பித் தந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் தன் தாளைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு அதைத் தோழியிடம் நீட்டி, "நான் எங்க கோட்டை விட்டேன், பாரு" என்றாள். கேட்டவர் எவருக்கும் ஆல்டன் கடிதம் எழுதித் தரும்; அவரவர் தகுதியை உள்ளபடி எழுதும். ஃபீபிக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு முள் மட்டும் உறுத்தியது. ஆல்டன் அவள் தந்தையின் விருப்பம். அதன் கடினப் பாடங்களைப் பற்றியோ நேர்மையைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியாது. டென்னிஸ் கிளப்பில் அந்தப் பெயருக்கு மேல் சொல்ல வேறு பெயர் இல்லை என்பது மட்டும் தெரியும். சரியானதைத் தேர்ந்தால் தவறான மனிதர் மகிழ்வாரே என்று அவள் இரண்டு நாள்கள் வெதும்பினாள். வேண்டுமென்றே மார்பரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட எண்ணியதுண்டு. அவர் மகிழ்ந்தால் மகிழட்டும், ஆல்டன்தான்; அதைப் பகல் உணவுக்குப் பின் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு எழுந்தாள்.

அவளுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

ஆராதனை முடிந்தால் பக்கத்து மண்டபத்தில் காப்பியும் எலுமிச்சைக் கேக்கும் உண்டு. அன்று வாசலிலேயே மிசஸ் டில்லிங்காஸ்ட் காகிதக் கோப்பையோடு காத்திருந்தாள். அவளுடைய மகன் பார்னபியை ஆல்டன் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. காத்திருப்போர் வரிசையில் நிறுத்தியிருந்தது. ஆகையால் அவளும் ஒரு மாதமாக நின்றபடியே வாழ்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன கான்ஸ்டன்ஸ், முடிவாயிடுச்சா? இல்ல, இன்னும் சீட்டுக் குலுக்கிட்டு இருக்கீங்களா?"

"ஆயிடுச்சே. மார்பரிதான். வியாழக்கிழமையே ஒப்புதல் கொடுத்தாச்சு."

"அப்படியா, மனசு குளிர்ந்துபோச்சு போங்க. அப்ப ஆல்டன்ல ஒரு இடம் காலியாகும்."

"உங்க பார்னபிக்கு என்ன, தங்கமான பையன். எங்க போனாலும் சந்தோஷமா இருப்பான்."

எங்கே போனாலும் சந்தோஷமாக இருப்பான் என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால், அவனுக்கு எங்கேயும் நல்ல இடம் கிடைக்காது என்பது ஆஷ்கோமில் பொருள். மிசஸ் டில்லிங்காஸ்டுக்கு அந்த மொழி நன்றாகவே தெரியும். புன்னகை மாறாமல் அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

மண்டபத்தின் மறுகோடியில், காப்பிக் குடத்தின் அருகே, லோவெல் பாதிரியார் ஹெப்வொர்த்தின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆல்டன், ஃபாதர். வெள்ளிக்கிழமை ஒரு பையனுக்குக் கம்பி மாட்டி அனுப்பிட்டு, அடுத்தவன் வர்றதுக்குள்ள நானே கம்ப்யூட்டர்ல ஒப்புதலை அமுக்கிட்டேன். எதுக்கு நாளைக் கடத்தணும்?"

லோவெல் பிள்ளைகளின் பற்களுக்குக் கம்பி கட்டிச் சீராக்கும் மருத்துவர். பாதிரியாரோ எழுபது வயதிலும் ஒலிபெருக்கி வேண்டாத குரலுடையவர். வாழ்த்தை மண்டபத்தின் குறுக்கே வீசினார்.

"ஃபீபி, நம்ம ஊர்லேர்ந்து ஆல்டனுக்கு ஒரு பொண்ணு. கர்த்தர் ஆசீர்வதிப்பாரும்மா."

கேக்கை வாயருகே கொண்டுபோன கைகள் நின்றன. கான்ஸ்டன்ஸின் முகம் சுண்ணாம்பாயிற்று. மிசஸ் டில்லிங்காஸ்ட் நிதானமாகத் தன் கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு நாற்காலியில ஒரே சமயத்துல உக்காரணும்னா எவ்ளோ பெரிய உடம்பு வேணும் கான்ஸ்டன்ஸ்? உங்க பொண்ணு பாவம் ஒல்லியா இருக்கா."

"பாதிரியார் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டார்."

"வயசாயிடுச்சு, அவருக்குத் தப்பாத்தான் புரியும். எனக்கு வயசாகலை."

அவள் யாரிடமும் விடைபெறாமல் வெளியே நடந்தாள். ஃபீபி சன்னல் வழியே பார்த்தாள். கார்கள் நிற்குமிடத்தில், வெயிலுக்குக் கையால் மறைப்புக் கட்டி, மிசஸ் டில்லிங்காஸ்ட் கைபேசியில் எண் தேடிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் காரில் இரண்டாம் திருப்பத்திலேயே பேச்சு தொடங்கியது.

"நீ அமுக்கினியா?" என்றார் லோவெல்.

"நீ அமுக்கலையா?" என்றாள் கான்ஸ்டன்ஸ்.

சென்ற இலையுதிர் காலத்தில் விண்ணப்ப வேலையை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மார்பரியின் படிவங்கள் தாய்க்கு, ஆல்டனின் படிவங்கள் தந்தைக்கு. கடவுச்சொற்களும் அவ்வாறே பிரிந்தன. பிள்ளைக்குச் சுமை குறையட்டும் என்று இதற்குக் காரணம் சொன்னார்கள். பிள்ளையின் சுமை முற்றிலுமாகக் குறைந்துவிட்டது; அவளே தேவையில்லை என்னும் அளவுக்கு.

"மார்பரில மார்க்கை ஹாலோவீன் அன்னிக்கு வாசலுக்கு வர்ற பசங்களுக்கு மிட்டாய் போடற மாதிரி வாரி வாரிக் கொடுக்கிறான். பையைத் திறந்து வச்சா போதும்" என்றார் லோவெல்.

"கொடுக்கட்டுமே. டாக்டராகறதுக்கு மார்க் வேணும். ஆல்டன்ல பொண்ணுங்க நூலகத்துக் கழிப்பறையில உக்காந்து அழுவுதுங்க."

"அது படிக்கிற இடம். உங்க மார்பரி மாதிரி படகு விட்டுட்டுப் பாட்டுப் பாடற இடமில்லை."

"பதினெட்டு வயசுல ஆல்டன் உன் மூஞ்சில கதவைச் சாத்திச்சு. அப்புறம் ஒரு மருத்துவக் கல்லூரியும் உன்னைச் சீந்தல, பல்லைப் பிடிச்சுக்கிட்டே. அந்தக் கதவை இப்ப இவ தலையை விட்டு முட்டித் திறக்கப் பார்க்கிறே."

"மார்பரில நீ படிச்சே, சரி. படிச்சதை வச்சு என்ன பண்ணினே? கல்யாணப் பத்திரிகையில போட்டே. அவ்ளோதானே?"

இருவர் சொன்னதும் உண்மை. உண்மையைக்கூட இவ்வளவு அழுக்காக்கிக் கையாள முடியும் என்பது வியப்பு.

வீட்டு வாசலில் கார் நின்றதும் ஃபீபி பின்னிருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்தாள்.

"உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்கிட்ட கேட்டீங்களா?"

"உன் நல்லதுக்குத்தானே கண்ணு" என்றாள் கான்ஸ்டன்ஸ்.

"ஒண்ணும் முழுகிப்போகலை. ஒண்ணை ரத்து பண்ணிட்டா தீர்ந்தது, யாருக்குத் தெரியப்போவுது" என்றார் லோவெல்.

"மிசஸ் டில்லிங்காஸ்டுக்குத் தெரியும்பா. அவங்க பையன் ஆல்டன்ல வரிசையில நிக்கிறான். என் இடம் போனா அவனுக்கு அது கிடைக்கலாம். அவங்க இந்நேரம் யாருக்கு போன் பண்ணியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

லோவெல் கார்ச் சாவியை உருவினார்.

"பொறாமை பிடிச்ச பொம்பளை. அவ பேச்சை யாரு காதுல வாங்குவா?" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஃபீபி தன் அறைக்குச் சென்றாள். நாற்காலியின் முதுகில் மஞ்சள் கையில்லா அங்கி தொங்கியது; மருத்துவமனைத் தொண்டர்கள் அணிவது. சனிக்கிழமைதோறும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில், நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போவாள். சென்ற ஆண்டு, விண்ணப்பத்தில் எழுதிக்கொள்வதற்காக, அவளோடு ஒரு மாணவர் பட்டாளமே அங்கே இரக்கம் பயின்றது. விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்த வாரத்தில் அந்த இரக்கம் முழுவதும் ஆவியாயிற்று. அதற்கடுத்த சனிக்கிழமை தனியே வந்து நின்ற ஃபீபியைப் பார்த்து, தொண்டர்களை மேற்பார்க்கும் பெண் திகைத்துப் போனாள்.

"விண்ணப்பம்தான் அனுப்பியாச்சே. அப்புறம் எதுக்கும்மா வந்தே?"

ஃபீபிக்கு அந்தக் கேள்வி புரியவே சற்று நேரம் பிடித்தது. அவளைப் பற்றி ஆஷ்கோமில் அறிய வேண்டியது இவ்வளவே.

அவள் ஆல்டனின் சேர்க்கை அலுவலகத்தை அழைத்தாள். கடைசி நாள் என்பதால் ஞாயிறன்றும் திறந்திருந்தது. மிஸ் ஓகல்வி என்ற பெண்மணி பேசினாள். களைத்த, ஆனால் கனிவான குரல்.

"என் பேர் ஃபீபி ஹாத்தர்லி. வெள்ளிக்கிழமை என் பேர்ல உங்களுக்கு ஒரு ஒப்புதல் வந்திருக்கும். அதை நான் கொடுக்கலை, எங்கப்பா கொடுத்தார். அதுக்கு முந்தின நாள் எங்கம்மா மார்பரிக்கும் கொடுத்துட்டாங்க. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். நான் உங்ககிட்ட வரத்தான் ஆசைப்படறேன். ஆனா பொய்யில வர வேண்டாம்னு கூப்பிட்டேன்."

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை.

"இதைப் பத்தி உனக்கு முன்னாடியே ஒருத்தர் கூப்பிட்டுட்டாங்கம்மா. பேர் சொல்லலை. விஷயத்தை மட்டும் விலாவாரியாச் சொன்னாங்க."

"சொல்லியிருப்பாங்க."

"நீயும் கூப்பிட்டேன்னு கட்டாயம் குறிச்சு வைக்கிறேன். ஆனா இது என் கையில இல்லை. நாளைக்குக் காலையில டீன் பார்த்து முடிவு பண்ணுவார். ரெண்டு இடத்துல ஒப்புதல் கொடுத்தா வழக்கமா இடத்தை எடுத்துடுவோம்."

"நான் கொடுக்கலைன்னாலுமா?"

"கொடுக்கலைங்கிறதுக்கு உன் வார்த்தை மட்டும்தானே இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. மார்பரியை நீ விடணுமா வேண்டாமான்னு நான் சொல்லக் கூடாது. ஆனா இன்னிக்கு அதை விட்டு, நாளைக்கு டீன் இல்லைன்னுட்டா, உன் கையில ஒண்ணுமே இருக்காது. யோசிச்சுக்கோ."

"சரி. ரொம்ப நன்றி."

யோசித்தாள். ஒரு கையில் மார்பரியைப் பற்றிக்கொண்டு, மறு கையை டீனிடம் நீட்டி, நான் நேர்மையானவள் என்று சொல்லலாம். அவள் பெற்றோர் அப்படித்தான் செய்வார்கள். அதற்கு மதிநுட்பம் என்று பெயரும் வைப்பார்கள். அது நினைவுக்கு வந்தபோது அவளுக்கு யோசிக்க வேறெதுவும் மிஞ்சவில்லை.

கீழே சமையலறையில் கான்ஸ்டன்ஸ் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தாள். மார்பரியின் பக்கம் திறந்திருந்தது, கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் ஆல்டன் போறேன். கிடைச்சா."

"கிடைச்சான்னா?"

ஃபீபி சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கான்ஸ்டன்ஸின் கை மடிக்கணினியை மேலும் இறுகப் பற்றியது.

"அப்ப நாளைக்குக் காலை வரைக்கும் பொறு. ஒரு ராத்திரிதானே. அந்த டீன் சரின்னா இதை விட்டுடு. இல்லைன்னா மார்பரி இருக்கு. நானே போன் பண்ணிப் பேசறேன், அங்க எனக்கு ஆள் இருக்கு."

"அதான் வேண்டாங்கிறேன். ரெண்டையும் பிடிச்சு வச்சுக்கிட்டதுதான் தப்பே. இன்னும் ஒரு ராத்திரி பிடிச்சு வச்சா, அது நான் பண்ணின தப்பாயிடும். கடவுச்சொல் என்ன?"

"சொல்ல மாட்டேன்."

ஃபீபி மடிக்கணினியைத் தன் பக்கம் மெல்லத் திருப்பினாள். மார்பரியில் தாய் தங்கியிருந்த விடுதியின் பெயரையும், அவள் பட்டம் பெற்ற ஆண்டையும் சேர்த்து அடித்தாள். முதல் முயற்சியிலேயே கதவு திறந்தது. முப்பது ஆண்டுகளாக அந்தப் பெண்மணியின் உள்ளம் குடியிருக்கும் முகவரி அது. ஊகிக்கப் பெரிய அறிவு தேவைப்படவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஏன் மார்பரி வேண்டாம்னு சொல்லியிருப்பேம்மா" என்றாள். "நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுன்னு அந்தப் பையன் சுத்திக்காட்டறப்ப சொன்னானே, விண்ணப்பமே போடாத மிச்சம் பேர் எங்க போனாங்கன்னு நீ அங்க நாலு வருஷம் இருந்தும் கேட்டதில்லை, இல்ல?"

விடுதியில் அடுத்த அறையில் இருந்த ஒருத்தி இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு வேதியியல் புத்தகங்களையெல்லாம் நடையில் வைத்துவிட்டுப் போனது கான்ஸ்டன்ஸுக்கு நினைவு வந்திருக்கலாம். வந்திருந்தாலும் அவள் அதைச் சொல்லக்கூடியவள் அல்லள்.

'இடத்தைத் திருப்பித் தருகிறேன்' என்ற வரியின் மேல் ஃபீபி விரலை அழுத்தினாள். உறுதிதானா என்று திரை கேட்டது. மீண்டும் அழுத்தினாள். உங்கள் எதிர்காலம் சிறக்கட்டும் என்று மார்பரி வாழ்த்தி விடைகொடுத்தது.

தாய் அழுதாள். அது மகளுக்காக என்று நாம் நம்பிக்கொள்வோம்.

அப்போது வாசலில் சீழ்க்கை ஒலி கேட்டது. சமையலறைச் சன்னலுக்கு வெளியே, வீட்டின் முன் நின்ற காருக்குப் பின்னால், லோவெல் வாளியும் துணியுமாகக் குனிந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்தார், காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். மேசை இழுப்பறையில் ஒரு மாதமாக ஒளித்து வைத்திருந்த ஆல்டனின் பெயர் அச்சிட்ட ஒட்டுப் பட்டையை உறையிலிருந்து எடுத்தார்.

பண்டைக் காலத்து வேந்தர் போரில் வென்ற பின் தேரில் கொடி உயர்த்தினார்கள். ஆஷ்கோமின் தந்தையர் காரின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறார்கள். பின்னால் வருகிறவன் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வாசித்தாக வேண்டும் என்று. போருக்குப் போனது யார் என்ற கேள்வி அக்கொடியில் இராது.

சமையலறைச் சன்னல் திறந்திருந்தது. மகள் சொன்ன முதல் வாக்கியம் மட்டும் அவர் காதில் விழுந்திருந்தது. எஞ்சியதைக் கேட்க அவருக்குப் பொறுமை இருந்ததில்லை.

ஃபீபி வெளியே வந்து படியில் நின்றாள்.

"வா வா. நேரா இருக்கா பாரு" என்றார் லோவெல். "நான் அப்பவே சொன்னேன் இல்ல, நீ கடைசியில ஆல்டன்னுதான் சொல்லுவேன்னு. உனக்கு என் மூளை."

பட்டையின் ஒரு முனையைப் பதித்து, கிளப் அட்டையின் விளிம்பால் காற்றுக் குமிழிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். நாள்தோறும் பிறர் பற்களைச் சீராக்கும் கைகள். வேலை சுத்தமாக இருந்தது. எதிர் வீட்டுக்காரர் புல்வெட்டும் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையசைத்தார். லோவெல் அதைவிடப் பெரிதாகக் கையசைத்தார்.

டீனைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. மார்பரி போய்விட்டது என்பதும் தெரியாது. இன்றிரவு அவர் மகளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் உறுதியில்லை என்பதை அறியாமல், அந்தப் பெயரின் கடைசி எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஃபீபி படியிறங்கி அருகில் வந்தாள்.

"அப்பா, ரொம்ப அழுத்தி ஒட்டாதீங்க" என்றாள். "நாளைக்குக் காலையில உரிக்க வேண்டியிருந்தாலும் இருக்கும்."